அறுபத்தேழாம் வருஷத்து வானம்

கெர்னோட்டின் எஞ்சின் பாலத்திலிருந்து விழுந்தபோது அறையில் எண்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தது டீலோவுக்குக் கேட்டது. அடுத்த நொடி, பித்தளை சிமெண்டுத் தரையில் மோதும் சத்தம்.

ஒரு சாண் நீளமுள்ள எஞ்சின். நான்கு குளிர்காலம் உட்கார்ந்து தகட்டை வெட்டி, பற்றவைத்து, கறுப்புப் பூசி கெர்னோட் தானே செய்தது. புகைபோக்கி ஒரு பக்கம் உருண்டது. சக்கரங்கள் ஒரு குழந்தையின் காலணிக்கு அடியில் போயின. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அது. ஊரே வந்து பார்க்கும் நாள்.

வண்டியை ஓட்டியவள் ரோஸ்விதா. அந்தப் பொம்மை ரயில் சங்கத்தில் யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தினூடே, தன் வண்டியோடு கூடவே நடக்க வேண்டும். அவளும் அப்படித்தான் நடந்து வந்தாள். தண்டவாளம் போட்ட தளத்தின் நடுவிலிருந்த செயற்கை மலையைச் சுற்றி வரும்போது நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். வண்டி நிற்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். நிற்கவில்லை. பாலத்தின் மேல் காத்திருந்த சரக்கு வண்டியின் வாலில் போய் மோதி, எஞ்சின் கைப்பிடிச் சுவரைத் தாண்டியது.

கெர்னோட் குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தன் தொப்பிக்குள் போட்டார். அறுபத்து நான்கு வயது. எழுந்திருக்க ஒரு கை தளத்தின் விளிம்பைப் பிடித்தது. ரோஸ்விதாவை அவர் பார்க்கவேயில்லை. நேராக டீலோவிடம் வந்தார்.

"இப்போ உங்களுக்குத் திருப்திதானே?" என்றார்.

சங்கத்தில் வயது வித்தியாசம் கிடையாது. எல்லோரும் எல்லோருக்கும் நீதான், வா போதான். சேர்ந்த அன்றே கைகுலுக்கி அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒருவரை 'நீங்க' என்றால் அவர் முகத்தில் கதவைச் சாத்தியதாக அர்த்தம். பக்கத்தில் நின்ற சில்வியோ கையிலிருந்த பீரைக் குடிக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

  ரேடியோ டீலோவின் பொறுப்பு. இந்தக் கோடையில் வயர்களைக் கழற்றிவிட்டு ரேடியோவுக்கு மாற்றியது அவன்தான். சிக்னல் அறுந்தால் வண்டி கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடும் என்பதும் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை தலைவர் வோல்ஃப்ராமிடமிருந்து கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கெர்னோட்டின் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படும். ஒன்று, பழையபடி வயர். இரண்டு, டீலோவைப் பொறுப்பிலிருந்து நீக்குவது. மூன்று, அவனிடமுள்ள சங்க அறையின் சாவியைத் திருப்பி வாங்குவது.

முதல் இரண்டையும் டீலோ ஒரு தடவை படித்தான். மூன்றாவதைப் பல தடவை.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. பொறியியல் படித்தவன், லிஃப்ட் பராமரிக்கும் வேலை. மனைவி மாரென் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேராகச் சங்க அறை இருந்த பழைய காலுறைத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடிக்கு வருவான். ஐந்து மணிக்குக் கதவைத் திறப்பான். மற்றவர்கள் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். அந்த இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வண்டியாக ஓட்டிச் சோதிப்பான். வீட்டில் இல்லாமல் இருப்பதற்கு வாரத்தில் அவனிடம் இருந்த ஒரே காரணம் அதுதான். சாவி போனால் வாரம் முழுக்க வீடுதான்.

செவ்வாய் மாலை பதினொரு நாற்காலிகள் சுவரோரமாகப் போடப்பட்டிருந்தன. டீலோவுக்கு நாற்காலி இல்லை. அவன் தளத்தின் ஓரம் நின்றான். ஜன்னலில் கிறிஸ்துமஸுக்கு வைக்கும் மெழுகுவர்த்தி வளைவு எரிந்தது. மேஜையில் உலர்திராட்சை ரொட்டியை யாரோ வெட்டி வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை.

"முதல்ல சோதனை," என்றார் வோல்ஃப்ராம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எதையும் வரிசையாகத்தான் செய்வார். "பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றுலயும் மலைக்குப் பின்னாடி நிறுத்தணும். ஞாயித்துக்கிழமை ஓட்டுனது ரோஸ்விதா, அதனால இன்னிக்கும் அவளே ஓட்டட்டும்."

ரோஸ்விதா ரிமோட்டை எடுத்தாள். இருபத்தெட்டு வருடம் நிஜ ரயில்வேயில் கைகாட்டி இழுத்தவள். காலியான வழியில் வண்டியோடு நடந்தாள். மலைக்குப் பின்னால் அழுத்தினாள். வண்டி நின்றது. பத்துச் சுற்று, பத்துத் தடவையும் நின்றது.

கெர்னோட் நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தீங்களா. ரேடியோ நல்லாத்தான் இருக்கு. ஆள்தான் சரியில்ல."

"எந்த ஆளு?" என்றாள் ரோஸ்விதா.

"நான் யார் பேரையும் சொல்லலையே."

"சொல்லு. நான் அழுத்தலங்கிறியா?"

"கூட்டத்துல யாராவது தெரிஞ்சவங்களப் பாத்திருப்ப. நலம் விசாரிச்சிருப்ப."

"நான் கைகாட்டி இழுத்த காலத்துல ஒரு நாளைக்கு நாப்பது வண்டி போச்சு, கெர்னோட். நிஜ வண்டி. உள்ள நிஜ மனுஷங்க. ஒண்ணுகூட பாலத்துலேருந்து விழல."

எல்லோரும் டீலோவைப் பார்த்தார்கள். சோதனை அவன் பக்கம் நின்றுவிட்டது. ரேடியோவில் குற்றமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சாவி பையிலேயே இருக்கும். பழி ரோஸ்விதாவின் தலையில் இறங்கும்.

"அவ அழுத்தினா," என்றான் டீலோ. "நான் அவ விரலப் பாத்தேன். ரெண்டு தடவ அழுத்தினா."

சில்வியோ சிரித்தான். "டேய், தப்பிக்கிற வழிய காமிச்சா அதையும் ஆணியடிச்சு மூடுறியே."

"அப்போ ரேடியோ கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்கிறானா?" கெர்னோட் எழுந்தார். "பத்துத் தடவ நின்ன ரேடியோ ஞாயித்துக்கிழமை மட்டும் எதுக்கு நிக்கல? அதுவும் என் எஞ்சினுக்கு மட்டும்? பொண்டாட்டி போனதுலேருந்து இவனுக்குத் தல இங்க இல்ல. எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் சொல்ல வாய் வரல. பாவம் பாவம்னு விட்டோம். பாவம் பாத்தா எஞ்சின் போயிடுது."

"உக்காரு கெர்னோட்," என்றார் வோல்ஃப்ராம்.

"நீ உக்காரு."

அவர் உட்காரவில்லை. டீலோ நின்ற இடத்துக்கு வந்தார். அவருக்குப் பின்னால் சில்வியோ வந்தான், தடுப்பதற்கோ வேடிக்கை பார்ப்பதற்கோ. அவர்களைப் பிரிக்க வோல்ஃப்ராம் வந்தார். வோல்ஃப்ராம் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். ஒரு நிமிடத்தில் மலைக்கு முன்னால் பத்துப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். ஆளுக்கொன்றாகப் பேசினார்கள். இரண்டு விரல்கள் டீலோவின் மார்பில் குத்தின. ஒன்று கெர்னோட்டுடையது.

ரோஸ்விதா மட்டும் கூட்டத்துக்கு வெளியே, கையில் ரிமோட்டோடு நின்றாள். கோபத்தில் வண்டியை மறுபடி ஓடவிட்டு, நிறுத்த மறந்திருந்தாள். அது பதினோராவது சுற்றில் போய்க்கொண்டிருந்தது. இப்போது நினைவு வந்து அழுத்தினாள்.

வண்டி நிற்கவில்லை.

"நிக்கல," என்றாள். யாரும் கேட்கவில்லை. "ஏய். நிக்கல."

டீலோவுக்குக் கேட்டது. தன் மார்பில் குத்திய விரலைப் பார்த்தான். அந்த விரலுக்குப் பின்னால் நின்ற உடம்புகளைப் பார்த்தான். பத்து உடம்பு. கம்பளிச் சட்டை, வயிறு, பீர்.

"எல்லாரும் சுவர்கிட்ட போங்க," என்றான்.

"யார விரட்டுற நீ?" என்றான் சில்வியோ.

"போங்க. ஒரு நிமிஷம். அப்புறம் வந்து அடிங்க."

அவன் குரலில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. பதினான்கு மாதமாக அவனிடம் இரண்டுமே இல்லை. அதனாலோ என்னவோ அவர்கள் விலகினார்கள். ரோஸ்விதா அழுத்தினாள். வண்டி நின்றது.

"இப்ப ஓட்டு. எல்லாரும் திரும்ப வாங்க."

"முடியாது," என்றார் கெர்னோட். அவரைத் தவிர எல்லோரும் வந்தார்கள். ரோஸ்விதா அழுத்தினாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"மனுஷ உடம்பு பாதிக்கு மேல தண்ணி," என்றான் டீலோ. "இந்த அலைவரிசையத் தண்ணி குடிச்சிடும். சிக்னல வாங்குற ரிசீவர் நம்ம இடுப்புக்குக் கீழ, மலைக்குள்ள இருக்கு. மலை பாதியத் தின்னுடுது. மிச்சத்த மனுஷங்க தின்னுடறாங்க."

"மலை தின்னுதா?" கெர்னோட்டின் முகம் சிவந்தது. மலை அவருடையது. தொண்ணூறுகளில், இதே அறையில் வைத்து, இரண்டு வருடம் கட்டியது. "அது காகிதமும் கோந்தும். மேல பிளாஸ்டர். அதுல தின்னுறதுக்கு என்ன இருக்கு?"

"உள்ள உலோகம் இருக்கு."

"இல்ல."

கெர்னோட் அறிவிப்புப் பலகையிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கினார். மலையின் உச்சியில் வைத்தார். வழுக்கி விழுந்தது. சரிவில் வைத்தார். விழுந்தது. சுரங்க வாயில் மேல் வைத்தார். அதுவும் விழுந்து தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

"இஞ்சினியர் சார்," என்றார் கெர்னோட், "எந்தக் காலேஜு?"

டீலோ தன் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தான். இரண்டு முனைகளிலும் குண்டூசி வைத்தான். ஒன்றை மலையின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும், தையல்காரர் துணியில் ஏற்றுவதுபோல, பிளாஸ்டருக்குள் ஏற்றினான். உள்ளே மின்சாரம் ஓட வழியிருந்ததால் மீட்டர் கீச்சிட்டது. விடாமல் கீச்சிட்டது.

"அலுமினியத்துல காந்தம் ஒட்டாது," என்றான். "கொசுவலை."

யாரும் சிரிக்கவில்லை. கெர்னோட் மீட்டரையே பார்த்தார். காகிதம் தொய்ந்துபோனதும் வீட்டு ஜன்னலுக்கு வாங்கிய வலையில் மிச்சத்தைக் கொண்டுவந்து உள்ளே போட்டது அவருக்கு நினைவு வந்ததா இல்லையா, சொல்ல முடியாது. 

"ரிசீவர அங்க வச்சது நான்," என்றான் டீலோ. "ஆளில்லாத ரூமுல மட்டுமே சோதிச்சதும் நான்தான். எப்பவும் அஞ்சு மணிக்கு வந்து, தனியா. ஆளுங்க இருக்கும்போது ஒரு தடவகூட பாக்கல. எஞ்சின் போனது என் தப்பு."

"எழுதிக்கோ," என்றார் கெர்னோட் வோல்ஃப்ராமிடம். "வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கோ."

"சரி பண்ண என்ன செய்யணும்?" என்று கேட்டார் வோல்ஃப்ராம்.

டீலோ நிமிர்ந்து பார்த்தான். தளத்துக்கு மேலே உத்தரம் ஓடியது. "அங்க. தலைக்கு மேல. ஆன்டெனா நேராக் கீழ பாத்து நிக்கணும். மலையும் குறுக்க வராது, ஆளும் குறுக்க வரமாட்டாங்க."

எல்லோரும் கெர்னோட்டைப் பார்த்தார்கள். உத்தரமும் கூரையும் வெறும் உத்தரமும் கூரையும் இல்லை. அது வானம். வெளிறிய நீலத்தில் சாம்பல் கலந்து கெர்னோட் தானே பூசியது. இந்தத் தளத்தில் எப்போதும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு, அக்டோபர் மாதம். அதற்குப் பிறகு பிறந்த எதுவும் கண்ணில் படக்கூடாது. சங்க விதியில் மூன்றாவது அது. ஒரு தடவை சில்வியோ வைத்த சின்னக் காரின் பச்சை நிறம் அறுபத்தொன்பதில்தான் வந்தது என்று கெர்னோட் கண்டுபிடித்து, அவனையே சுரண்ட வைத்தார். ரிசீவர் மலைக்குள் போனதும் அந்த விதியால்தான்.

"என் வானத்துல பிளாஸ்டிக் டப்பா," என்றார் கெர்னோட். மெதுவாகத்தான் சொன்னார்.

"தீயணைப்புச் சிலிண்டர் தொங்குதே, அது எந்த வருஷம்?" என்றாள் ரோஸ்விதா.

"அது சுவர்ல இருக்கு. வானத்துல இல்ல."

"அப்போ ஞாயித்துக்கிழமை வர்றவங்கள வாசல்லயே நிறுத்திடலாம். அறுபத்தேழுக்கு அப்புறம் பொறந்தவங்க உள்ள வரக்கூடாது."

"வாய மூடு, ரோஸ்விதா."

"என்னையும் 'நீங்க'ன்னு கூப்பிடு. மரியாதையா இருக்கும்."

கை தூக்கச் சொன்னார்கள். டீலோவுக்கு ஓட்டு இல்லை. விஷயமே அவனைப் பற்றியது. ரிசீவரை மேலே ஏற்ற ஐந்து கை. வேண்டாம், வயர்தான் என்று ஐந்து. வோல்ஃப்ராம் தன் கையைப் பார்த்தார். அதைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பத்துச் சுற்று ஓடணும். ஒண்ணு தவறினாலும் வயர்தான். சாவியையும் குடுத்துடணும், டீலோ. அதுவரைக்கும் சாவி என்கிட்ட."

டீலோ சாவியை வளையத்திலிருந்து கழற்றினான். இப்போது வளையத்தில் வீட்டுச் சாவி மட்டும் இருந்தது.

வோல்ஃப்ராம் கையைத் தூக்கினார். கெர்னோட் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை வோல்ஃப்ராம் கதவைத் திறந்துவிட்டார். டீலோ ஏணியில் ஏறி உத்தரத்தில் ரிசீவரை முடுக்கினான். அலமாரியிலிருந்த மிச்ச வானப் பெயிண்டை அதன் மேல் பூசினான். இறங்கும்போது கெர்னோட் கீழே நின்றார். கையில் ரம்பம்.

"அது அக்டோபர் நிறம் இல்ல. வெயில் காலத்துக்கு வாங்கினது," என்றார்.

"காஞ்சா மாறும்."

"மாறாது." ரம்பத்தை மேஜையில் வைத்தார். "பதினாலாவது விதி. ஒரு உறுப்பினர் செஞ்சது அவருக்குச் சொந்தம். நான் என் மலைய எடுத்துட்டுப் போறேன். கீழ வண்டி நிக்குது."

வோல்ஃப்ராம் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். இருந்தது. மறுநாள் ஊர் வரப்போகிறது, தளத்தின் நடுவில் ஓட்டை விழப்போகிறது. அவர் என்ன சொல்லியும் கெர்னோட் கேட்கவில்லை. அடிச்சட்டத்தை அறுக்கத் தொடங்கினார். பிளாஸ்டர் தூள் கிராமத்தின் மேலும் தேவாலயத்தின் மேலும் இறங்கியது. அக்டோபரில் பனி விழுந்ததுபோல இருந்தது.

கடைசிச் சட்டம் அறுந்தபோது மலை ஒரு பக்கம் சாய்ந்தது. விட்டிருந்தால் தண்டவாளத்தை நசுக்கியிருக்கும். டீலோ மறுபக்கம் போய்த் தாங்கினான்.

"தொடாதீங்க."

"விட்டா லைன் போயிடும்."

கெர்னோட் தன் பக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கினார்கள். அடியிலிருந்து கொசுவலையின் கிழிந்த ஓரம் தொங்கியது. கெர்னோட் அதை உள்ளே மடித்துவிட்டார். அறையின் இரட்டைக் கதவு வழியே மலை சுலபமாக வெளியே போனது. நடைபாதையில் பத்து எட்டு. படிக்கட்டுக்கு முன்னால் தீத்தடுப்புக் கதவு.

நேராகப் போகவில்லை. சாய்த்தார்கள். போகவில்லை. நிமிர்த்தினார்கள். கெர்னோட் மடக்கு அளவுகோலை எடுத்துக் கதவை அளந்தார், மலையை அளந்தார், மறுபடி கதவை அளந்தார். ஒரு சாண் இடித்தது. மலை கட்டி முடித்துப் பல வருடங்களுக்குப் பிறகு, அதிகாரிகள் சொல்லி வைத்த கதவு அது.

ரொட்டித் தட்டோடு மேலே ஏறி வந்த சில்வியோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அறுபத்தேழுல இந்தக் கதவு இல்ல, கெர்னோட்," என்றான்.

கெர்னோட் அவனை அடித்துவிடுவார் என்று டீலோ நினைத்தான். அவர் மலையைத் தரையில் இறக்கினார். ரம்பத்தைப் போய் எடுத்து வந்தார். உச்சியில் வைத்தார். அங்கே ஒரு சின்ன மரச் சிலுவையும் இரண்டு ஆடுகளும் இருந்தன. ரம்பம் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நூறு பேருக்கு மேல் வந்தார்கள். நடைபாதையில் மலையை ஒட்டி ஒருக்களித்துத்தான் உள்ளே வர முடிந்தது. மலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு கெர்னோட் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. யார் வந்தாலும் "தொடாதீங்க" என்றார். கண்காட்சி இங்கேயே தொடங்குகிறது என்று நினைத்துச் சிலர் நின்று படம் எடுத்தார்கள்.

உள்ளே, ஓட்டையைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். சுரங்கத்துக்குள் வண்டி எங்கே வளைகிறது என்று எல்லோருக்கும் இப்போது தெரிந்தது. ரோஸ்விதா ரிமோட்டோடு நடந்தாள். தள்ளுவண்டி, கோட்டுகள், அப்பா தோளில் குழந்தைகள். டீலோ சுவரோரம் போகவில்லை. கூட்டத்தின் நடுவே, தோளோடு தோள் இடிக்க நின்றான். இத்தனை பேருக்கு நடுவில் அவன் நின்று வெகுநாள் ஆகியிருந்தது. மாரெனின் அடக்கத்துக்குப் பிறகு இல்லை. ரோஸ்விதா அழுத்தினாள். நின்றது. இரண்டு. மூன்று. ஏழாவது சுற்றில் ஒரு கனத்த ஆள் அவளுக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டார். அழுத்தினாள். நின்றது. பத்து.

வோல்ஃப்ராம் நோட்டில் பத்தாவது கோட்டைக் கிழித்துவிட்டு, டீலோவின் கோட்டுப் பைக்குள் சாவியைப் போட்டார்.

டீலோ நடைபாதைக்கு வந்தான். கெர்னோட் நிமிரவில்லை. மடியில் தொப்பி. தொப்பிக்குள் எஞ்சினின் துண்டுகள் இன்னும் இருந்தன.

"நின்னுச்சா?"

"பத்துத் தடவையும்."

"கொசுவலை இல்லாட்டி ரிசீவர் பழைய இடத்துல இருந்தாலும் நின்னிருக்கும்."

"ஆளும் இல்லாட்டி."

கெர்னோட் தலையசைத்தார். அது சம்மதமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "செவ்வாய்க்கிழமை எத்தன மணிக்குத் திறப்பீங்க?"

டீலோவின் கை பைக்குள் சாவியைத் தொட்டது. "அஞ்சு."

"அஞ்சுக்கே வருவேன். வலைய உரிச்சு எடுக்க நேரமாகும். காகிதத்த ஒட்டித்தான் மலையத் திருப்பி வைக்கணும். நான் வர்றது உங்களுக்காக இல்ல."

"தெரியும்."

"உங்ககிட்ட பேசவும் மாட்டேன்."

"பேச வேண்டாம்."

"அந்த டப்பாவ நானே பூசுறேன். நீங்க பூசினது ஜூலை."

ஒரு சிறுமி ஓடி வந்து மலை உச்சியிலிருந்த ஆட்டைத் தொட்டாள். "தொடாதே," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல், ஒருவர் சுவரையும் ஒருவர் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.